மதகுப் பூதத்தின் மனத்தாங்கல்

ஹில்டாவைப் பார்த்தால் ஆராய்ச்சியாளர் என்று யாருக்கும் சொல்லத் தோன்றாது. அதற்கு அவள் என்ன செய்வாள்? ஆள் குள்ளம், குரல் மெலிசு. இருபத்தாறு வயதாகியும் ஐயப்பன்தாங்கலில் பஸ் ஏறினால் "ஸ்கூல் இன்னைக்கு லீவா பாப்பா?" என்று கண்டக்டர் கேட்பார். கேட்கிற கண்டக்டர்களில் பாதிப் பேர் அவளுடைய அப்பா எட்மண்டோடு அதே டிப்போவில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கே நினைவிருக்காது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் 'பூத வேதாள ஆய்வு மையம்' என்று ஒரு போர்டு தொங்கும். ஹில்டா அங்கேதான் ஆராய்ச்சி செய்கிறாள். இந்தப் பக்கத்தில் பூதங்கள் இருப்பது ஒன்றும் ரகசியமில்லை. ஏரி இருந்த இடம், கிணறு இருந்த இடம், புளியமரம் இருந்த இடம் என்று எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்று குடியிருந்தது. பிளாட் போட்டு விற்றவர்கள் ஏரியை மூடினார்கள், மரத்தை வெட்டினார்கள், உள்ளே இருந்ததை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் வருகிற வம்பு வழக்குகளுக்குத் தீர்வு சொல்லத்தான் இந்த மையம்.

மையத்தில் மற்றவர்கள் எல்லாம் பூதத்தின் எடை, கோரைப்பல்லின் நீளம், ஒரு பைக்கை எவ்வளவு தூரம் வீசும் என்பது மாதிரி உருப்படியான விஷயங்களை ஆராய்ந்தார்கள். ஹில்டா பூதத்தின் மனசை ஆராய்ந்தாள். 'பூதங்களின் மனவுணர்வுகள், சிறப்பாக மனத்தாங்கல்' என்று அவள் தலைப்புக் கொடுத்த அன்றைக்கு மாடியில் எழுந்த சிரிப்பில் கீழே லேத் ஓட்டுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டு மேலே பார்த்தாராம்.

"பூதத்துக்கு ரெண்டே ஃபீலிங்தான் ஹில்டா," என்றான் ஸ்ரீநாத். அவன் அவளுக்கு ஒரு வருஷம் சீனியர், தலையில் ஜெல் தடவுகிறவன், 'உணர்ச்சிமானி' என்று ஒரு பெட்டியைச் செய்து வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டுகிறவன். "ஒண்ணு கோபம். இன்னொண்ணு ரொம்பக் கோபம்."

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? சர்ச்சில் யாராவது கேட்டால் எட்மண்ட், "பொண்ணு கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணுது" என்று சொல்லிவிட்டு அவசரமாகச் சிலுவை போட்டுக்கொள்வார்.

மையத்தின் தலைவர் டாக்டர் மனோகரன். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. வாயால் சொன்னது மட்டும்தான் அவர் காதில் விழும், அவ்வளவுதான். போன வருஷம் ஹில்டா ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய கட்டுரை ஒன்று அச்சுக்குப் போக இருந்தது. மனோகரன் அவளைக் கூப்பிட்டு, "உன் பேரை முதல்ல போடட்டுமா?" என்று கேட்டார். நல்ல பிள்ளையாக வளர்ந்த எவளும் அதற்கு என்ன சொல்வாளோ அதையே ஹில்டாவும் சொன்னாள். "பரவாயில்ல சார்." இன்னொரு முறை கேட்பார், அப்போது தலையைக் குனிந்துகொண்டு "உங்க இஷ்டம் சார்" என்று சொல்லலாம் என்று காத்திருந்தாள். மனோகரன் "சரி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கட்டுரை வந்தபோது முதலில் மனோகரன், அடுத்து ஸ்ரீநாத். ஹில்டாவின் பெயர் கடைசிப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்காரருக்கு நன்றி சொன்ன வரிக்குக் கீழே இருந்தது. அன்றைக்கு அவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீடு வரைக்கும் அழுதாள்.

இந்த வருஷம் அதைவிட மோசம். "மனத்தாங்கலாவது மண்ணாங்கட்டியாவது. அடுத்த கேஸ்ல ஏதாவது நிரூபிச்சுக் காட்டு. இல்லன்னா தலைப்பை மாத்திக்கோ. கோரைப்பல் அளவெடுக்க ஆள் வேணும்," என்று மனோகரன் சொல்லிவிட்டார். பூதத்தின் வாய்க்குள் டேப்பை விட்டு அளக்கிற வேலை அது. முன்னால் அதைச் செய்த பையன் இப்போது வெளியூரில் மொபைல் கடை வைத்திருக்கிறான்.

அடுத்த கேஸ் நசரத்பேட்டையிலிருந்து வந்தது.

சம்பத் என்ற பில்டர் அங்கே 'லேக் வியூ' என்று ஐந்து மாடிக் குடியிருப்பு கட்டியிருந்தார். வியூ பார்க்க லேக் கிடையாது. அதன் மேல்தான் கட்டடமே நின்றது. அந்த ஏரியின் மதகைக் காலம் காலமாகக் காத்துவந்த பூதம் ஒன்று கிரகப்பிரவேசத்தன்று லிஃப்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து இறங்கவில்லை. லிஃப்ட் 'ஓவர்லோடு' என்று இரவும் பகலும் கூவிக்கொண்டே நின்றது. ஐந்தாவது மாடிக்காரர்கள் கேஸ் சிலிண்டரையும் மாமியாரையும் படியில்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று பேரும் மையத்து ஜீப்பில் போய் இறங்கினார்கள். வாசலில் வாட்ச்மேன் துலுக்கானம் மனோகரனுக்கு சல்யூட் வைத்தார், ஸ்ரீநாத்துக்கு ஒரு சின்ன சல்யூட் வைத்தார், உணர்ச்சிமானியைச் சுமந்துகொண்டு பின்னால் வந்த ஹில்டாவைப் பார்த்து, "பாப்பா, டெலிவரின்னா அந்த டேபிள் மேல வச்சிட்டுப் போம்மா," என்றார்.

சம்பத் அவர்களை லிஃப்டுக்குக் கூட்டிப்போனார். அதன் கதவு திறந்தே இருந்தது. உள்ளே மூன்று சுவரிலும் முட்டிக்கொண்டு பூதம் உட்கார்ந்திருந்தது. முறம் மாதிரி காது, பானை வயிறு, இரண்டு கோரைப்பல். உடம்பெல்லாம் பாசி படிந்த பச்சை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தை 'உர்'ரென்று வைத்துக்கொண்டு, மாடி பட்டன்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டில் வரவேற்க ஆளில்லாமல் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவின் முகம் என்று ஹில்டாவுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

சோதனை தொடங்கியது. மையத்தின் சோதனைக்கு ஒரு விதி உண்டு. எந்தக் கேள்வியையும் ஒரே முறைதான் கேட்க வேண்டும். குரலில் ஏற்ற இறக்கம் கூடாது. திருப்பிக் கேட்டால் பதிலைப் பிடுங்கியது மாதிரி ஆகிவிடுமாம். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் மனோகரன் படித்திருந்தார்.

ஸ்ரீநாத் லிஃப்ட் வாசலில் இலை போட்டான். சாதம், சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். பிறகு ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி, "உங்களுக்கு உணவு வேண்டுமா?" என்றான்.

பூதம் இலையைப் பார்த்தது. சட்டென்று கண்ணை எடுத்து லிஃப்டின் ஃபேனைப் பார்த்தது. "இருக்கட்டும்பா. வாணாம்."

"பசி, இல்லை," என்று சொல்லிக்கொண்டே ஸ்ரீநாத் டேப்லெட்டில் தட்டிவிட்டு இலையை மடித்தான். உள்ளே அப்பளம் நொறுங்கியது. அந்தச் சத்தத்துக்குப் பூதத்தின் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியதை ஹில்டா பார்த்தாள்.

"நீங்கள் வெளியே வர விரும்புகிறீர்களா?"

"பரவால்ல. இங்கியே குந்திக்கினு கீறேன்."

"வெளியே வர விருப்பம், இல்லை. உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?"

"நமக்கு இன்னா கொறை? ஒண்ணியும் இல்ல."

"குறை, இல்லை."

அப்போது பூதத்தின் உள்ளேயிருந்து ஒரு உறுமல் கிளம்பியது. லிஃப்டின் கண்ணாடி அதிர்ந்தது, உணர்ச்சிமானியின் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. "கோபம்! ரொம்பக் கோபம்!" என்று கத்திக்கொண்டு ஸ்ரீநாத் மனோகரனுக்குப் பின்னால் போனான். மனோகரன் சம்பத்துக்குப் பின்னால் போனார். சம்பத் துலுக்கானத்தின் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பின்னால் போனார். ஹில்டா மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். ஒளிய இடம் மிச்சமில்லை.

மனோகரன் தீர்ப்புச் சொன்னார். பசி இல்லை, குறை இல்லை, காரணமே இல்லாமல் கோபம் மட்டும் இருக்கிறது. இதைப் பேசித் தீர்க்க முடியாது, செம்பில் அடைத்துவிட வேண்டியதுதான். பூந்தமல்லியில் உலகநாதன் என்று ஒருவர் இருந்தார். பூதங்களைச் செப்புக் குடத்தில் இறக்கி, வாயை அடைத்து, ஆழமான தண்ணீரில் போடுவது அவர் தொழில். வெள்ளிக்கிழமை காலை வருவதாக போனிலேயே ஒப்புக்கொண்டார்.

செம்புக்குள் போன பூதம் திரும்பி வந்ததாக யாரும் பார்த்ததில்லை. லிஃப்டுக்குள் பூதம் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டது. பொத்தினாலும் கேட்கும் போலிருக்கிறது. அந்தக் காது அப்படி.

மத்தியானம் சம்பத் எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார். மனோகரனுக்கு ஒன்று, ஸ்ரீநாத்துக்கு ஒன்று. "பாப்பா, உனக்கு?" என்று ஹில்டாவிடமும் ஒரு பொட்டலத்தை நீட்டினார். காலையில் வெறும் டீயோடு கிளம்பியவள் அவள். பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாய் பழக்க தோஷத்தில், "வேணாம் சார், பரவாயில்ல," என்றது. இன்னொரு முறை சொல்லட்டும் என்று கை லேசாக நீண்டுகொண்டும் இருந்தது. சம்பத் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தை ஸ்ரீநாத்திடம் கொடுத்தார். அவன் இரண்டாவதையும் பிரித்தான்.

ஹில்டா லிஃப்ட் பக்கத்துப் படியில் போய் உட்கார்ந்தாள். பிரியாணி வாசனை அங்கேயும் வந்தது. அவள் வயிறு 'கர்ர்ர்' என்றது.

லிஃப்டுக்குள்ளிருந்து 'கர்ர்ர்ர்ர்' என்று ஒரு பதில் வந்தது.

ஹில்டா திரும்பிப் பார்த்தாள். பூதமும் பார்த்தது. மாட்டிக்கொண்ட வெட்கத்தில் பூதம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஹில்டாவுக்கும் வெட்கமாகி இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு வயிறும் சேர்ந்து இன்னொரு முறை கத்தின. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உணர்ச்சிமானி பதிவு செய்த கோபம் எது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

ஓடினாள். "சார், அது கோபமில்ல சார். பசி. வேணாம்னு சும்மா சொல்லுது."

"சும்மா எதுக்கும்மா ஒருத்தர் வேணாம்னு சொல்லணும்?" என்று கேட்டார் மனோகரன், விரலில் இருந்த வெங்காயப் பச்சடியை நக்கிக்கொண்டே. வாழ்நாளில் நீட்டிய எதையும் வேண்டாம் என்று சொல்லாத மனிதர்.

"திரும்பக் கேக்கணும் சார். மூணு நாலு தடவை கேக்கணும்."

"ஒரே தடவைதான். அதான் நம்ம முறை."

அது எந்த ஊரில் நம்ம முறை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஜீப்பில் ஏறி, உணர்ச்சிமானியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது. அந்தப் பூதம் வாயைத் திறந்து ஒன்றும் கேட்காமல் செம்புக்குள் போகப்போகிறது, நான் வாயைத் திறந்து ஒன்றும் கேட்காமல் கோரைப்பல் அளக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே வானகரம் மீன் மார்க்கெட்டுக்குப் போய்ச் சங்கரா மீனைக் கூடையாக வாங்கி வந்தாள். மாதா கோயில் திருவிழாவுக்காக வீட்டில் வைத்திருந்த பெரிய அண்டாவை இறக்கினாள்.

எட்மண்ட் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்தார். "கம்ப்யூட்டருக்கு எதுக்கும்மா இத்தனை மீனு?"

"டாடி, இது பூதத்துக்கு."

எட்மண்ட் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு உட்கார்ந்து மீன் ஆய ஆரம்பித்தார். மகள் இவ்வளவு சத்தமாக அவரிடம் ஒரு வாக்கியம் பேசியதே இல்லை.

ஷேர் ஆட்டோ ஒன்றை முழுசாகப் பிடித்து, குழம்பு அண்டாவோடும் சோற்றுப் பானையோடும் ஹில்டா லேக் வியூவில் இறங்கியபோது செம்புக்காரர் இன்னும் வரவில்லை. துலுக்கானம் ஒரு கை கொடுத்து அண்டாவை லிஃப்ட் வாசலில் இறக்கினார். "பாப்பா, கேட்டரிங்கா?" என்றார். நேரமில்லாததால் அவள் ஆமாம் என்றாள்.

வேண்டுமா வேண்டாமா என்று அவள் கேட்கவே இல்லை. இலையை விரித்தாள், தண்ணீர் தெளித்தாள், சோற்றைக் குவித்தாள், குழம்பை ஊற்றினாள். "வாங்க, சாப்பிட வாங்க."

பூதம் பதறிவிட்டது. "ஐய, இன்னாத்துக்கும்மா இதெல்லாம்? நான் இப்பத்தான் துன்னேன்."

"என்ன சாப்ட்டீங்க?"

பூதம் யோசித்தது. "காத்து," என்றது.

"காத்தெல்லாம் சாப்பாடாகுமா? ஒரே ஒரு வாய்."

"வாணாம்மா. வயிறு ஒரு மாதிரி கீது." வயிறு அதே நேரத்தில் கட்டடம் அதிர ஒரு சத்தம் போட்டது. பூதம் இருமி அதை மறைக்கப் பார்த்தது.

"காலையிலேர்ந்து அடுப்புல நின்னு செஞ்சிருக்கேன்," என்றாள் ஹில்டா, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "நல்லா இல்லன்னு நினைக்கிறீங்க போல."

"ஐயையோ! வாசனையே தூக்குது, யாரு நல்லா இல்லன்னா?"

"அப்ப நீங்க சாப்பிடலன்னா நானும் சாப்பிடல. எடுத்துட்டுப் போயிடறேன்."

"தோ பாரு, பச்சப் புள்ள, நீ எதுக்குப் பட்னி கெடக்கணும்?" பூதத்தின் கை முழங்காலை விட்டு இறங்கியது. "சரி, உன் மனசு நோவக் கூடாது. கொஞ்சூண்டு வையி."

அந்தக் கை இலைப் பக்கம் வந்துகொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் ஜீப் வந்து நிற்க வேண்டுமா? மனோகரன், உணர்ச்சிமானியைச் சுமந்துகொண்டு ஸ்ரீநாத், சம்பத் மூவரும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் செப்புக் குடமும் சிவப்புத் துணியுமாக உலகநாதன்.

"விதி மீறல் சார்!" என்று ஸ்ரீநாத் அலறினான். "திரும்பத் திரும்பக் கேட்டிருக்கா!"

"சீக்கிரம் ஆவட்டும். மதுரவாயல்ல இன்னொரு பார்ட்டி வெயிட்டிங்," என்றபடி உலகநாதன் குடத்தின் மூடியைத் திறந்தார்.

இத்தனை பேரைப் பார்த்ததும் பூதம் கையை இழுத்துக்கொண்டது. முகம் பழையபடி 'உர்' ஆனது. "வந்தவங்க துன்னட்டும். எனக்கு வாணாம்."

"பாத்தியா, வேணாம்னு தெளிவா சொல்லுது," என்றார் மனோகரன். "ஹில்டா, அண்டாவை எடு."

ஹில்டாவுக்குள் என்னவோ ஒன்று புட்டுக்கொண்டது. ஸ்கூல் லீவா பாப்பா, டெலிவரியா பாப்பா, பரவாயில்ல சார், ஜெராக்ஸ் கடைக்காரருக்குக் கீழே அவள் பெயர், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்கு வந்தன.

"உக்காருங்க சார்!"

ஐந்தாவது மாடியில் ஒரு குக்கர் விசில் பாதியில் நின்றதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. மனோகரன் தரையில் உட்கார்ந்தது மட்டும் உண்மை. அவர் உட்கார்ந்ததும் ஸ்ரீநாத் உட்கார்ந்தான். சம்பத் உட்கார்ந்தார். உலகநாதன் எட்டிப் பார்த்து, "சங்கராவா?" என்று கேட்டுவிட்டுக் குடத்தை ஓரமாக வைத்துச் சம்மணம் போட்டார். ஹில்டா வரிசையாக இலை போட்டாள். பந்தி என்று ஆனபின் பூதம் மட்டும் உட்காராமல் இருந்தால் மரியாதையா? அதுவும் லிஃப்டுக்குள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்தது.

அப்புறம் அது நிறுத்தவில்லை. கொஞ்சூண்டு, கொஞ்சூண்டு என்று சொல்லிக்கொண்டே அண்டாவில் பாதியை முடித்தது. "போதும்மா" என்று இலையைக் கையால் மறைக்கும். விரலுக்கு நடுவே ஹில்டா ஊற்றுவாள். கடைசியில் அண்டாவையே தூக்கிக் கவிழ்த்துக்கொண்டது. பிறகு வாயைத் துடைக்கப் போன புறங்கை கண்ணைத் துடைத்தது.

"அன்னிக்கு இங்க விசேஷம்," என்றது. "சாம்பார் வாசனை. நம்ம எடத்துல விசேஷம், நமக்குச் சொல்லல. சரி, போய்த்தான் பாப்போம்னு மேல போவ லிஃப்டாண்ட வந்தேன். தோ இவரு எதுர்ல வந்தாரு." சம்பத்தைக் காட்டியது. "'சாப்ட்டீங்களா'ன்னு கேட்டாரு. 'ஆச்சு'ன்னேன். 'அப்டியா'ன்னு போய்க்கினே இருந்தாரு. ஒரு பேச்சுக்காவது, அதெல்லாம் முடியாது, கை நனைச்சிட்டுத்தான் போவணும்னு கையப் புடிச்சி இஸ்துக்கினு போக வாணாமா? எந்த மூஞ்சிய வச்சிக்கினு மேல போவேன்? எந்த மூஞ்சிய வச்சிக்கினு கீழ எறங்குவேன்? அப்டியே குந்திட்டேன்."

சம்பத்தின் வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது. "நான் வேற யாரோ மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு நினைச்சேன்," என்றார் பாவமாக.

"இதுதான் சார் மனத்தாங்கல்," என்றாள் ஹில்டா. குரல் நடுங்கியது, ஆனால் கேட்டது. "கோபம்னா கத்தும், உடைக்கும். இது வேற. வேணாம் வேணாம்னு சொல்லிட்டு, இன்னொரு தடவை கேப்பாங்களான்னு காத்துட்டிருக்கும்."

மனோகரன் உணர்ச்சிமானியைப் பார்த்தார். பூதம் ஒரு ஏப்பம் விட்டது. முள் சிவப்பைத் தாண்டி, கண்ணாடியையும் உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தது.

"அப்ப நான் வரேன்," என்றது பூதம். எழுந்திருக்கவில்லை.

மனோகரனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "ரொம்ப நல்லது, போயிட்டு வாங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பூதத்தின் முகம் விழுந்தது. முழங்காலை மறுபடி கட்டிக்கொண்டது. சாப்பாட்டு நேரம் முழுக்கத் தொண்டை கட்டினது மாதிரிக் கூவிக்கொண்டிருந்த லிஃப்ட் இப்போது உரக்கக் கூவியது. சம்பத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார்," என்று ஹில்டா மனோகரன் காதில் கிசுகிசுத்தாள், "அதுக்குள்ள என்ன அவசரம், இருந்துட்டுப் போங்கன்னு சொல்லுங்க."

"இருக்கச் சொன்னா இருந்துடுமே!"

"இருக்காது சார். இருக்கச் சொன்னாத்தான் போகும்."

மனோகரன் தன் படிப்பையெல்லாம் ஒரு நிமிஷம் ஓரமாக வைத்தார். "அதுக்குள்ள... என்ன அவசரம்? இருந்துட்டுப் போங்களேன்."

"இல்ல நைனா, வேல கீது," என்று பூதம் பாதி எழுந்தது.

"காபி குடிச்சிட்டுத்தான் போகணும்," என்றாள் ஹில்டா.

"இன்னொரு நாளிக்கு வரேம்மா, கண்டிப்பா." முழுசாக எழுந்தது. லிஃப்டை விட்டு ஒரு காலை வெளியே வைத்தது, மறு காலையும் வைத்தது. கூவல் நின்றது. மாடிப்படியில் கூடியிருந்த குடித்தனக்காரர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு லிஃப்டிலிருந்து கேட் வரைக்கும் போக வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வழியில் நின்று நின்று பேசியது. குழம்புக்கு மாங்காய் போட்டது யார் யோசனை என்று கேட்டது. இரண்டு பெட்ரூம் இப்போது என்ன விலை போகிறது என்று சம்பத்தைக் கேட்டு வாயைப் பிளந்தது. உலகநாதனின் குடத்தைத் தட்டிப் பார்த்து, "கெட்டியா கீது, தண்ணி புடிச்சி வை," என்றது. மதுரவாயல் பார்ட்டியை மறந்தே போயிருந்த உலகநாதன் தலையை ஆட்டினார்.

கேட் பக்கத்தில் மனோகரன் ஹில்டாவைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகத்தில் வழக்கமில்லாத ஒரு அடக்கம் இருந்தது. "இதை உடனே எழுதணும்மா. பெரிய விஷயம். கோரைப்பல்லையெல்லாம் விடு." கொஞ்சம் தயங்கினார். "கட்டுரையில உன் பேரை முதல்ல போடட்டுமா?"

இதற்காகத்தானே போன வருஷம் பஸ்ஸில் அழுதாள்? ஆனால் வாய் இருக்கிறதே, அது அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது. "பரவாயில்ல சார்."

"சரிம்மா," என்று மனோகரன் திரும்பி நடந்தார்.

"யோவ்!"

கேட்டுக்கு வெளியே போயிருந்த பூதம் மதிலுக்கு மேலே தலையை நீட்டியது. முறக் காது இரண்டும் விறைத்து நின்றன. இந்த முறை நிஜமாகவே கோபம்தான். அளக்கப் பெட்டி தேவைப்படவில்லை.

"இன்னொரு தபா கேளுய்யா!"

மனோகரன் நடுங்கிப் போய்த் திரும்பினார். "உன் பேரை... முதல்ல போடட்டுமாம்மா?"

"அதெல்லாம் எதுக்கு சார்," என்றாள் ஹில்டா, தரையைப் பார்த்துக்கொண்டு. காது வரை சிவந்திருந்தாள்.

மனோகரன் மதிலை அண்ணாந்து பார்த்தார். பூதம் ஒற்றை விரலைக் காட்டியது. இன்னும் ஒரு தபா.

"ஹில்டா," என்றார் மனோகரன். இந்த முறை அவர் குரலில் ஏற்ற இறக்கம் எல்லாம் இருந்தது. "நீதானே கண்டுபிடிச்ச? உன் பேர் இல்லாம நான் எப்படிப் போடறது? கட்டாயம் போடணும்மா."

ஹில்டா தலையை நிமிர்த்தினாள்.

"போடுங்க சார். என் பேர் மட்டும் மேல. உங்க பேரும் ஸ்ரீநாத் பேரும் கடைசிப் பக்கத்துல, நன்றியில."

மனோகரன் வாயைத் திறந்தார். மதிலைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"ஜெராக்ஸ் கடைக்காரருக்கு மேலயா, கீழயா?" என்று மட்டும் கேட்டார்.

"மேலயே போடலாம் சார்," என்றாள் ஹில்டா. துலுக்கானம் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டுக் காலி அண்டாவை அதில் தூக்கி வைத்துவிட்டு, "மேடம், ஏறுங்க," என்றார்.